கணவருக்கு கானாவில் வேலை, எனக்கு லேப்டாப்பில் வேலை: எந்த விசா?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். கொரோனா காலத்திலிருந்து வீட்டிலிருந்தேதான் வேலை. கணவர் கானாவில், டெமாவில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். நானும் அங்கே போய் இதே வேலையைத் தொடர நினைக்கிறேன். அதற்குத் தனி விசா உண்டா? விசிட் விசாவிலேயே போய் இருந்துவிடலாம் என்கிறார்கள் சிலர்.

பதில்: கானாவில் அப்படி ஒரு தனி விசா இல்லை. அந்தப் பக்கம் கேப் வெர்டே என்ற தீவு நாடு 2020 கடைசியில் இப்படி வேலை பார்ப்பவர்களுக்காக ஆறு மாதத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் அது ஐரோப்பா, வட அமெரிக்கா, போர்த்துகீசிய மொழி நாடுகள், மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றின் குடிமக்களுக்குத்தான். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அதில் இடமில்லை.

விசிட் விசா யோசனையை விட்டுவிடுங்கள். விசாவில் அச்சான தேதி வேறு. கானாவின் தலைநகர் அக்ராவின் விமான நிலையத்தில் அதிகாரி முத்திரையில் எழுதிக் கொடுக்கும் நாள் கணக்கு வேறு. பெரும்பாலும் 60 நாளுக்கு மேல் கிடைக்காது, சிலருக்கு 30தான். அதைத் தாண்டினால் அபராதம்.

உங்களுக்குச் சரியான வழி, கணவரின் குடியிருப்பு அனுமதியைச் சார்ந்து மனைவிக்குக் கிடைக்கும் அனுமதி. அவருடைய கம்பெனி மூலம் விண்ணப்பியுங்கள். இதில் நம்மவர்கள் தடுக்கி விழுவது திருமணச் சான்றிதழில்தான். கோயில் ரசீதும் பத்திரிகையும் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அக்ராவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? கிளம்புமுன் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இந்த அனுமதி அங்கே வாழத்தான், வேலை பார்க்க அல்ல. வேலை அனுமதி வேண்டுமென்றால் கானாவில் உள்ள முதலாளிதான் கேட்க வேண்டும். உங்கள் கம்பெனிக்கு அங்கே அலுவலகமே இல்லை. சொந்தக் கம்பெனி தொடங்கலாமே என்பீர்கள். முழுக்க வெளிநாட்டவர் முதலீட்டில் தொடங்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த குறைந்தபட்ச மூலதனம் 5 லட்சம் டாலர்!

அப்படியானால் கோவைக் கம்பெனிக்காக டெமா வீட்டில் லேப்டாப்பைத் திறப்பது குற்றமா? கானாவின் குடியேற்றச் சட்டம் 2000-இல் வந்தது. நாம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்த காலம் அது. இப்படியொரு வேலையை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். என் கருத்தில் இது தெளிவில்லாத இடம். ஆகவே அடக்கமாக இருங்கள். உள்ளூர் ஆர்டர் ஒன்றுகூட எடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் தொழில் கேட்டால் ‘இல்லத்தரசி’ என்று எழுதாதீர்கள், உள்ளதை எழுதுங்கள். பொய் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

விசாவைவிட எனக்குக் கவலை தருவது வரி. எந்த 12 மாதத்திலும் மொத்தம் 183 நாள் அங்கே இருந்தால் கானா உங்களை வரிக்கான குடியிருப்பாளராக எடுத்துக்கொள்ளும். இந்தியச் சம்பளமும் கணக்கில் வரும். இடையில் ஊருக்கு வந்து போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது. நமக்கும் கானாவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இல்லை. சம்பளம் கோவை வங்கிக் கணக்கில் விழுந்தால், நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியரானாலும் இங்கேயும் வரி கேட்பார்கள். அதனால் முதல் முறை ஐந்து மாதம் மட்டும் போய்ப் பாருங்கள். நிரந்தரமாகத் தங்க முடிவுசெய்தால் அதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். சேமிப்புக் கணக்கையும் என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், கம்பெனியிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள். மேனேஜர் வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ போட்டது செல்லாது. நாடு, காலம், வேலை நேரம் மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். இங்கே காலை 9.30 லாகின் என்றால் டெமாவில் விடிகாலை 4 மணி.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைத் திரும்பி வரும்போதும் கையில் வைத்திருங்கள். இல்லையென்றால் இங்கே வந்து இறங்கியதும் தனிமைப்படுத்திவிடுவார்கள்.