பச்சை படர்ந்துவிட்டது, கன்று எங்கே?

கேள்வி: ஏற்காட்டில் சிறிய நர்சரி வைத்திருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன் மெய்டன்ஹேர் பெரணி (அடியாண்டம் ராடியானம்) ஸ்போரை, அதாவது இலையடியில் உதிரும் வித்துத்தூளை, 36 டிரேயிலும், பாஸ்டன் ஃபெர்ன் இலையில் சுரண்டிய தூளை 4 டிரேயிலும் விதைத்தேன். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, அடித்தட்டில் மட்டும் தண்ணீர் விடுகிறேன். பூஞ்சணம் வரும் என்று மேலே தெளிப்பதே இல்லை. டிரே முழுக்கப் பாசி மாதிரி பச்சை படர்ந்துவிட்டது, ஒரு இலைகூட எழும்பவில்லை. போன வருடம் இதே முறையில் வெள்ளைக்கோடு டெரிஸ் பெரணி விதைத்து ஆயிரக்கணக்கில் கன்று எடுத்தேன். உரக்கடையில் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியும் 19:19:19 தழை-மணி-சாம்பல் உரமும் கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தும் பலனில்லை. அடுத்து எதை, என்ன அளவில் அடிக்க வேண்டும் ஐயா?

பதில்: எதையும் அடிக்காதீர்கள். உங்கள் டிரேயில் குறைவது தண்ணீரும் இடமும்தான். இரண்டும் கடையில் கிடைக்காது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, "டெரிஸுக்குப் பலித்த முறை அடியாண்டத்துக்கு ஏன் பலிக்கவில்லை?" என்பது. வெள்ளைக்கோடு டெரிஸ், அதாவது டெரிஸ் கிரெட்டிகா, அண்டசெல்லை (விந்தணு சேர்ந்து கருவாகும் பெண் செல்லை) நம்பிப் பிழைக்கிற செடி அல்ல. ஸ்போர் முளைத்ததும் முதலில் வரும் சிறு பச்சைத் தகடுதான் புரோதாலஸ். டெரிஸில் அதன் நடுத்திட்டிலிருந்து கருவுறாமலே நேராகக் கன்று முளைக்கும். 1874-லேயே கண்டு எழுதிவைத்த விஷயம் இது. சாதாரணப் பெரணியின் ஒரு ஸ்போர்ப்பையில் 64 ஸ்போர் இருக்கும், கருவுறாமல் பெருகும் இதில் 32தான். மேலே சொட்டுத் தண்ணீர் படாவிட்டாலும், எவ்வளவு நெருக்கி விதைத்தாலும் ஓரளவு கன்று கொடுத்துவிடும். ஆகவே போன வருட விளைச்சலை வைத்து உங்கள் முறை சரி என்று முடிவு கட்ட முடியாது.

அடியாண்டம் ராடியானம் அப்படியில்லை. அதற்கு அண்டமும் வேண்டும், அதுவரை நீந்திப் போகும் விந்தணுவும் வேண்டும். இதய வடிவப் புரோதாலஸ் ஒன்றை ஊசியால் தூக்கிக் கழுவி, திருப்பிப் போட்டுப் பாருங்கள். இதயத்தின் மேல் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே தடித்த திட்டு தெரியும். ஆர்க்கிகோனியம், அதாவது அண்டத்தைத் தாங்கும் பெண் உறுப்பு, உருவாகும் இடம் அதுதான். அங்கே மேற்பரப்பு செல் ஒன்று பிரிந்து மூன்றாகும். மேல் செல்லிலிருந்து நான்கு வரிசைக் கழுத்து எழும். நடு செல் பிரிந்து கழுத்துக்கால்வாய் செல்லும் வயிற்றுச்செல்லும் ஆகும். அந்த வயிற்றுச்செல் கடைசியாக ஒருமுறை பிரியும்போது மேலே வயிற்றுக்கால்வாய் செல், கீழே அண்டசெல். முதிரும் அண்டத்தைச் சுற்றி ஓர் உறை படியும். உச்சியில் மட்டும் சிறு துளை மிஞ்சும், விந்தணு நுழைய அது ஒன்றே வழி.

இவ்வளவும் நடந்த பிறகும் கதவு மூடியேதான் இருக்கும். கால்வாய் செல்கள் கரைந்து கோழையாகி, அந்தக் கோழை தண்ணீர் குடித்து உப்பினால்தான் கழுத்தின் நுனி பிளக்கும். ஆந்திரிடியம் என்ற ஆண் உறுப்பு வெடித்து விந்தணு வெளியே வருவதற்கும் தண்ணீர்தான் வேண்டும். மாலிக் அமிலம் பெரணி விந்தணுவை இழுக்கிறது என்று 1884-இல் தாவரவியலாளர் பெஃபர் காட்டினார். ஆனால் இழுப்பு இருந்து என்ன, நீந்தத் தண்ணீர்ப் படலம் வேண்டாமா? கழுத்துகள் இருப்பது புரோதாலஸின் அடிப்பக்கம். டிரேயின் ஈரம் வேரிழைக்குப் போதும், நீந்துவதற்குப் போதாது. ஷீட்டில் கோத்து நிற்கும் துளி போதுமே என்பீர்கள். அது ஷீட் சரிந்த பக்கம் வழிந்து ஓரத்தில்தான் சொட்டும். டிரேயின் விளிம்பைத் தேடிப் பாருங்கள், ஒன்றிரண்டு குட்டி இலை அங்கேதான் இருக்கும்.

இனி அடர்த்தி. தண்ணீரை விட இதுதான் பெரிய குற்றவாளி. "பாசி மாதிரி" என்று நீங்கள் எழுதிய இரண்டு சொல்லிலேயே நோய் தெரிந்துவிட்டது. ஒழுங்காக விதைத்த டிரே பாசி மாதிரி இருக்காது. சின்னச் சின்ன இதயங்களாக, ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணும்படி இருக்கும். நெருக்கத்தில் புரோதாலஸ் அகலமாகாது. நாக்கு மாதிரி, நூல் மாதிரி மேல்நோக்கி நிமிர்ந்துவிடும். அகலமில்லையேல் திட்டு இல்லை, திட்டு இல்லையேல் அண்டம் இல்லை. ஆந்திரிடியத்துக்குத் திட்டு தேவையில்லை, ஒல்லியான புரோதாலஸிலும் வந்துவிடும். இது போதாதென்று, பல பெரணிகளில் முந்தி வளர்ந்த புரோதாலஸ் ஆந்திரிடியோஜன் என்ற பொருளைக் கசியவிட்டு, பின்னால் முளைக்கும் அக்கம்பக்கத்தை எல்லாம் ஆணாக்கிவிடும். கடைசியில் டிரே நிறைய மாப்பிள்ளைகள், பெண் ஒன்றுகூட இல்லை.

ஸ்போரைக் கிராம் கணக்கில் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு மில்லிகிராமிலேயே ஆயிரக்கணக்கில் ஸ்போர் இருக்கிறது. டிரேக்கு ஒரு சிட்டிகை என்று பாக்கெட்டில் அச்சடிப்பது அடுத்த பாக்கெட்டை விற்பதற்காக. கத்தி முனையில் ஒட்டும் தூளை 200 மில்லி ஆறவைத்த வெந்நீரில் போட்டுக் குலுக்கி, கைத்தெளிப்பானால் நான்கு டிரேயில் தெளித்தால் அதுவே தாராளம். முளைத்த பின் லென்ஸ் வைத்து ஒரு சதுர சென்டிமீட்டரை எண்ணுங்கள். ஐந்து இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் இப்போதே கலைத்து நடுங்கள், ஐந்து மாதம் காத்திருக்க வேண்டாம்.

கடைக்காரர் கொடுத்த ஜிப்ரலிக் அமிலம் பற்றி: அனீமியா, லைகோடியம் போன்ற பெரணிகளின் ஆந்திரிடியோஜன் ஜிப்ரலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே இந்த மருந்து ஆணைத்தான் பெருக்கும். வேறு பல பெரணிகளில் எதுவுமே செய்யாது. அண்டத்தை உண்டாக்கும் என்று யாராவது சொன்னால் அவர் பெரணியைத் தொட்டிச்செடியாகத்தான் பார்த்திருக்கிறார். 19:19:19-ஐ லிட்டருக்குக் கால் கிராமுக்கு மேல் போட்டால் பாசிக்குத்தான் விருந்து. அடுத்த முறை பூஞ்சணத்துக்கென்று காப்பர் மருந்தை நீட்டுவார், வாங்காதீர்கள். புரோதாலஸுக்குச் செம்பு ஆகாது.

இப்போது செய்ய வேண்டியது. 36-இல் நன்றாக இருக்கும் இரண்டு டிரேயை எடுங்கள். பச்சையை 5 மில்லிமீட்டர் சதுரத் துண்டுகளாகக் கிள்ளி, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த புதுக் கலவையில் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் அழுத்தி வையுங்கள். ஒரு டிரே பதினாறாகும், ஆக 32 டிரே. தேங்காய்நார்க் கழிவு என்றால் உப்பு போக மூன்று முறை அலசியது. மூடி, நிழலில் மூன்று நான்கு வாரம் விடுங்கள். துண்டின் ஓரங்களில் அகலமான இதயங்கள் வரும். கல்லூரித் தாவரவியல் துறையில் நுண்ணோக்கி கிடைத்தால் 40 மடங்கில் அடிப்பக்கம் பாருங்கள். புகைபோக்கி மாதிரி கழுத்துகள் தெரியும். பழுப்பானவை காலம் கடந்தவை. பயப்பட வேண்டாம், பள்ளத்தருகே உயிர் இருக்கும்வரை புதியவை வந்துகொண்டே இருக்கும்.

பிறகு மழைநீரோ, கொதித்து ஆறிய நீரோ எடுத்து, டிரேயின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். மேற்பரப்புக்கு மேல் 2, 3 மில்லிமீட்டர் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் வைத்து வடித்துவிட்டு மூடுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை. ஒரே தடவை போதாது, எல்லா அண்டமும் ஒரே நாளில் முதிர்வதில்லை. மேல்நீர் பட்டால் பூஞ்சணம் என்பது தப்புக் கணக்கு. பூஞ்சணம் வருவது கொதிநீர் காணாத கலவையிலிருந்தும், ஸ்போரோடு சேர்ந்த ஸ்போர்ப்பைத் தோல் குப்பையிலிருந்தும். தாளைச் சாய்த்துத் தட்டினால் குப்பை முதலில் உருண்டு ஓடிவிடும், ஸ்போர் ஒட்டி நிற்கும். அதை மட்டும் எடுங்கள்.

ஸ்போரை மூன்று நான்கு தாய்ச்செடிகளிலிருந்து எடுத்துக் கலப்பது நல்லது. ஒரே புரோதாலஸின் விந்தணு அதன் அண்டத்தோடு சேர்ந்தால், பிறக்கும் கன்றின் இரண்டு மரபுத் தொகுதியும் அச்சு அசல் ஒன்றே. மறைந்திருந்த குறையெல்லாம் வெளியே வந்து கரு அங்கேயே கருகவும் கூடும்.

பாஸ்டன் ஃபெர்ன் டிரே நான்கையும் கொட்டிவிடுங்கள். அந்த ரகத்தின் ஸ்போர் பெரும்பாலும் மலடு, ஓடுதண்டில் வரும் கன்றைப் பிரித்துப் பெருக்குங்கள். அந்த டிரேயில் படர்ந்திருக்கும் பச்சை அநேகமாக நிஜமான பாசியேதான்.