தெருவுக்குப் போலீஸ் வந்து கூட்டம் போட்டால் போகலாமா? ஒரு பழைய எஃப்.ஓ.பி-யின் பதில்

கேள்வி இது: "சேலத்தில் எங்கள் பகுதிக்குப் போலீஸார் வந்து விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். தெருவுக்குக் கேமரா வைக்க வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் சேர்க்கச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவும் ஆரம்பித்திருக்கிறார்கள். மக்களோடு நெருங்கிப் பழகும் இந்த முயற்சிகளால் உண்மையில் பயன் உண்டா, இல்லை போட்டோவுக்குத்தானா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போலீஸுக்கு ஜால்ரா தட்டவும் வரவில்லை, வசைபாடவும் வரவில்லை. இரண்டுக்கும் என்னிடம் காரணம் இருப்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் புது லேஅவுட்டில் வீடு கட்டிக் குடிவந்தவர் என்று நினைக்கிறேன். பழைய தெருக்காரர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திட்டுவார்கள்.

நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். 2014-லிருந்து 2020 வரை எஃப்.ஓ.பி-யிலும் இருந்தேன். ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ், அதாவது காவலர் நண்பர்கள் குழு. 1993-இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி-யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ஆரம்பித்து, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவிய திட்டம். சம்பளம் கிடையாது. ஓர் அடையாள அட்டை, ஒரு தொப்பி, ஒரு விசில், அவ்வளவுதான். பகலெல்லாம் பட்டறையில் குனிந்து வேலை செய்துவிட்டு, வாரத்தில் இரண்டு இரவு ரவுண்ட்ஸ் போவேன். என் மனைவிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "அவங்களுக்கு கவர்மென்ட் சம்பளம் குடுக்குது, உங்களுக்கு யாரு குடுக்குறா?" என்பாள். பதில் சொல்லத் தெரியாது, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நான் போனது ஓர் ஏட்டய்யாவோடு. பெயர் வேண்டாம், ஓய்வு பெற்றுவிட்டார். பட்டா புத்தகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சில வீடுகள், கோயில், ஏடிஎம் என்று அங்கங்கே ஒரு நோட்டு தொங்கும். ராத்திரி பீட் போகிற போலீஸ்காரர் வந்ததற்கு அடையாளமாக நேரம் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் வண்டியை ஆஃப் பண்ணாமலே கிறுக்கிவிட்டுப் போவார்கள். இவர் இறங்கி நிற்பார். தெருவை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு ராத்திரி, "தம்பி, அந்தப் பெரியவர் வீட்டு லைட்டு பத்து மணிக்கே அணைஞ்சிருமே, இன்னைக்கு என்ன எரியுது?" என்றார். போய்த் தட்டினோம். பெரியவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் மூன்று மணி நேரமாகக் கிடக்கிறார். மகன் பெங்களூரில். எந்த ஆப்பும் அதைச் சொல்லியிருக்காது.

ஆடி மாதம் வண்டி வேடிக்கை ராத்திரி இன்னொரு கதை. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது: மாரியம்மன் பண்டிகையில் குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை பக்கமெல்லாம் சாமி வேஷம் கட்டிக்கொண்டு அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலம் வருவார்கள். எள் போட்டால் கீழே விழாத கூட்டம். பிள்ளைகள் தொலையும், அழும். பேரைக் கேட்டால் பாப்பா என்று சொல்லும், அப்பா பேர் அப்பா. ஏட்டய்யா ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வருகிற பிள்ளைகளின் முழங்கையில் அப்பாவின் செல் நம்பரை எழுதிவிடுவார். நானும் எழுதினேன். ஒரே ராத்திரியில் இரண்டு ரீஃபில் தீர்ந்தது. அதில்தான் எனக்குப் பெருமை அதிகம், சிரிக்காதீர்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளம். அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்துப்போனார்கள். அதில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு என்று பேச்சு எழுந்தது. ஜூலையில் அரசு குழுவையே தடை செய்துவிட்டது. இந்த இடத்தில் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், அதனால் தெளிவாகவே எழுதுகிறேன்: தடை சரிதான். ஊரடங்கு நேரத்தில் கையில் கம்பு கிடைத்ததும் தலைகால் புரியாமல் ஆடிய பையன்களை நானே பார்த்தேன். பயிற்சி இல்லாதவன் கையில் அதிகாரத்தின் வாசனையைக்கூடக் காட்டக் கூடாது. ஆனாலும் வலித்தது. எதிர்வீட்டுக்காரர், அதே பாத்ரூம் பெரியவரின் மகன், ஊருக்கு வந்தபோது "என்னங்க, லத்தியைத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். என்னிடம் லத்தியே இருந்ததில்லை.

சரி, பட்டறைக் கதைக்கு வருகிறேன். 2022 மார்கழி. காலையில் போய்ப் பார்த்தால் பின்பக்க ஜன்னல் கம்பி வளைந்து கிடக்கிறது. 3 கிலோ 400 கிராம் வெள்ளி போய்விட்டது. அன்றைய விலைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல், அதுவும் என் வெள்ளி இல்லை. எங்கள் தொழிலில் வியாபாரி வெள்ளிக் கட்டியைக் கொடுப்பார், நாங்கள் கொலுசாக்கித் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவோம். நம்பிக்கையின் பேரில் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வதுதான் பழக்கம். நான் ராத்திரி ராத்திரியாக வேலை செய்த அதே ஸ்டேஷனுக்குப் போனேன் (எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை). பழைய ஆள் ஒருவரும் இல்லை. ரைட்டர் தலையைத் தூக்காமல் "பில் இருக்கா?" என்றார். துண்டுச் சீட்டைக் காட்டினேன். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சி.எஸ்.ஆர் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினார்.

சி.எஸ்.ஆர் என்றால் என்னவென்று வீட்டுக்கு வந்துதான் தேடிப் பார்த்தேன். கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர். சமூக சேவைப் பதிவேடாம்! ஆறு வருஷம் நான் செய்தது சேவை என்றால், எனக்குத் திரும்பக் கிடைத்தது அதன் ரசீது. வயிறு எரிந்தது.

வக்கீல் ஒருவர்தான் சொன்னார். புகார் வாங்கியதற்கு அடையாளம் மட்டும்தான் சி.எஸ்.ஆர், வழக்கு பதிவானதாக ஆகாது. திருட்டு மாதிரி போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. பில் இல்லை என்பது பிறகு பார்க்க வேண்டிய விஷயம். மேலதிகாரியிடம் மனு கொடுத்து, பத்தொன்பதாவது நாள் எஃப்.ஐ.ஆர் கைக்கு வந்தது. பில் வைத்துக்கொள்ளாதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பத்தொன்பது நாளில் வெள்ளி உருகாமல் காத்துக்கொண்டிருக்குமா?

கேமராவா? இருந்தது. உங்கள் தெருவில் கேட்கிற மாதிரியே எங்கள் தெருவிலும் வீட்டுக்கு 1,500 ரூபாய் வாங்கி நான்கு கேமரா மாட்டினோம். ரிப்பன் வெட்டினார்கள், கேசரி கொடுத்தோம். பட்டறை முனையில் இருந்த கேமரா, தெருவைத் தோண்டியபோது கேபிள் அறுந்து ஏழு மாதமாகக் குருடு. தோண்டியவர்கள் மூடவில்லை, மூடியவர்கள் தார் போடவில்லை, தார் போட வந்தவர்கள் மறுபடி தோண்டினார்கள். போன மாதம் என் மகள் ஸ்கூட்டியோடு அதில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. விடுங்கள். கேபிளைச் சரிசெய்ய 900 ரூபாய். யார் கொடுப்பது என்று குழுவில் பேசிக்கொண்டே இருந்தோம், அதற்குள் திருடன் வந்துவிட்டான்.

ஏட்டய்யா இப்போது ஆத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பஸ் பிடித்து வந்துவிட்டார். காபிகூடக் குடிக்காமல் தெருவில் நடந்தார். முனையில் ராத்திரி இட்லிக் கடை போடும் அக்காவிடம் போய் உட்கார்ந்து நான்கு இட்லி வாங்கினார். பேரன் படிப்பு, கேஸ் விலை, கால்வலி எல்லாம் பேசிவிட்டு, "அந்த வாரத்துல புது ஆளு யாராச்சும் சுத்துனாங்களா?" என்று கேட்டார். மூன்று ராத்திரி தொடர்ந்து இரண்டு பையன்கள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பட்டறையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், ஒருவன் கொலுசு வேலைக்கு முன்பு வந்தவன் மாதிரி இருந்ததாகவும் அக்கா சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க்கா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"எங்கிட்ட ஆருங்க தம்பி கேட்டாங்க?" என்றார்.

நானும்தான் கேட்கவில்லை. ஆறு வருஷம் ரவுண்ட்ஸ் போனவன்.

அதற்குப் பிறகு புதிதாக வந்த எஸ்.ஐ இதைக் கவனமாகக் கேட்டு விசாரித்தார் என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பாவம். பையன்கள் வேறொரு வழக்கில் பக்கத்து மாவட்டத்தில் சிக்கினார்கள். ஒரு கிலோ சொச்சம் உருக்கிய கட்டியாகக் கிடைத்தது. அதையும் கோர்ட்டில் மனுப் போட்டு, பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினேன். மீதியை வியாபாரிக்குக் கூலியில் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு கூட்டத்துக்கே போக வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். எங்கள் தெரு ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவருக்கு, மும்பை போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் யூனிஃபார்ம் போட்ட ஒருவன் வந்தான். உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், ரூமை விட்டு வெளியே போகாதே, யாரிடமும் சொல்லாதே என்றானாம். அந்த அம்மா முந்தின மாதம்தான் கல்யாண மண்டபத்தில் நடந்த போலீஸ் கூட்டத்தில் சமோசா சாப்பிட்டவர். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது என்று அங்கே சொன்னது நினைவுக்கு வந்து போனை வைத்துவிட்டார். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடிக்க வேண்டும், அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க முடியும் என்பதும் அந்தக் கூட்டத்தில் சொன்னதுதான். எனக்கே அதுவரை தெரியாது.

ஏற்காடு அடிவாரத்தில் ஹெல்மெட் போடாதவர்களைப் பிடிப்பதைத் திட்டுகிறவர்களையும் இங்கே பார்க்கிறேன். எஃப்.ஓ.பி கலைந்து இரண்டு வருஷம் கழித்துக்கூட என் மச்சான் பையன் மலைக்குப் போகும்போது மாட்டிக்கொண்டு, "மாமா, நீங்கதான் போலீஸ்ல இருக்கீங்களே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று போன் செய்தான். அப்போதுதான் அபராதம் ஆயிரம் ரூபாய் ஆகியிருந்தது. மலை மேலே மாவட்டப் போலீஸ், இங்கே மாநகரப் போலீஸ், நான் எதிலும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மச்சான் மூன்று மாதம் பேசவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிற பிள்ளைகள் இவர்கள். பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு என்று அங்கே நின்று தொண்டை கிழியக் கத்துகிற காவலரிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேமராவுக்குப் பணம் கொடுங்கள். ஆனால் கொடுக்கும் முன் ரெக்கார்டர் யார் வீட்டில் இருக்கும், கேபிள் அறுந்தால் யார் செலவு, மாதம் ஒரு முறை யார் ஓட்டிப் பார்ப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், பீட்டில் வருகிறவர் கதவைப் பார்த்துக்கொள்வார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வண்டியை நிறுத்துவார்கள், எனக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்துவிடுங்கள். எங்கள் குழுவில் 214 பேர். காலையில் ரோஜாப்பூ, சாயங்காலம் முருகர் படம், நடுவில் என்றைக்காவது ஒரு போலீஸ் அறிவிப்பு. இட்லிக் கடை அக்கா அதில் இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன்.