தராசுக்கு ஏஜென்ட் கிடையாது

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். பேத்திக்கு 2 வயது 3 மாதம். மருந்துக்கடைத் தராசில் 8.9 கிலோ காட்டியது. மகள் பினாங்கில் ஃபேக்டரி வேலை, பிள்ளை என்னிடம். அரசாங்கக் கிளினிக்கில் சத்துணவுக் கூடை தருகிறார்களாம். 120 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் வாங்கித் தருவதாக டவுனில் ஒருவர் சொல்கிறார். மகளுக்குக் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது, பதியவில்லை. அதனால் நேரில் போனால் கிடைக்காதாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு காசுகூட வேண்டாம்.

அது மலேசியச் சுகாதார அமைச்சு 1989 முதல் நடத்தும் திட்டம். 6 மாதத்துக்கு மேல், 6 வயதுக்குள் இருக்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை எடை குறைந்திருந்தால் மாதாமாதம் அரிசி, பால்மாவு, நெத்திலி மாதிரியான சாமான்கள் கிடைக்கும். முக்கியமாக இரண்டைப் பார்ப்பார்கள்: பிள்ளையின் எடை, வீட்டு வருமானம். எடையைக் கிளினிக் தராசில் மிஸ்ஸி, அதாவது தாதி, பார்த்து எழுதினால்தான் செல்லும். அந்த மனிதர் எந்தத் தராசில் நிறுக்கப் போகிறார்?

நான் சமூகத் தாதியாக இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தேன். ஒரு தாய் கடன் வாங்கி 80 வெள்ளி கொடுத்தாள். அந்த ஆள் கொண்டுவந்தது சமூகநல இலாகா கவுண்டரில் சும்மா கிடைக்கும் விண்ணப்பப் பாரம். அதில் அவள் பெயரை மட்டும் எழுதியிருந்தார். ஐசி (அடையாள அட்டை) நகலும் பேங்க் கார்டும் அவரிடமே தங்கிவிட்டன. பணம் போனதைவிட அதுதான் ஆபத்து. இந்த இரண்டையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

சரி, பிள்ளைக்கு வருவோம். 2 வயது 3 மாதப் பெண் பிள்ளைக்கு 8.9 கிலோ குறைவுதான், வளர்ச்சி அட்டையின் கீழ்க்கோட்டுக்கு அடியில் விழுகிறது. பேத்தியின் சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து அந்த அட்டையைப் பாருங்கள். மாதாமாதம் வைத்த புள்ளிகள் ஒன்றரை வயதோடு நின்றிருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். 18 மாத ஊசி முடிந்தால் அடுத்த ஊசி பள்ளிக்கூடத்தில்தான். ‘ஊசி முடிந்தது, கிளினிக்கும் முடிந்தது’ என்று நம் வீடுகளில் நினைத்துவிடுகிறோம். தாய்ப்பால் குறைந்து, பிள்ளை வரக்கோப்பியும் (பால் இல்லாத காப்பி) பிஸ்கட்டுமாக வளரும் வயது அது. மெலிவதும் அப்போதுதான், அதைக் கண்ணில் படாமல் விடுவதும் அப்போதுதான். கூடை வாங்காத பிள்ளைகளில் பலர் தகுதி இல்லாதவர்கள் அல்ல, தராசில் ஏறாதவர்கள்.

அதனால் பிள்ளை வசிக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கிளினிக்குக்கே போங்கள், பினாங்குக்கு ஓட வேண்டாம். புத்தகம், பிறப்புப் பத்திரம், உங்கள் ஐசி, வீட்டில் சம்பாதிப்பவர்களின் சம்பளச் சீட்டு, மகளுடையதும் சேர்த்து, எடுத்துக்கொள்ளுங்கள். அவள் சம்பளத்தை மறைக்காதீர்கள். நிறுக்கும்போது கொலுசு, காப்பு, நனைந்த பெம்பர்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நனைந்த பெம்பர்ஸ் ஒன்றே கோட்டுக்கு அடியில் இருக்கும் பிள்ளையை மேலே தூக்கிக் காட்டிவிடும்.

கல்யாணப் பதிவைச் சொல்லி அவர் உங்களைப் பயமுறுத்துகிறார். 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் பதிந்தால்தான் சட்டப்படி செல்லும், உண்மை. ஆனால் உங்கள் மகள் மலேசியக் குடிமகள் என்றால், இங்கே பிறந்த பேத்தியும் தாயை வைத்துக் குடிமகள்தான். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இல்லாமல் இருக்கலாம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கேட்டிருந்தால் பிறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் அப்பா பெயர் ஏறியிருக்கும். இரண்டும் செல்லும் பத்திரம்தான், கூடைக்கு அது தடை இல்லை.

சிக்கல் இதற்கு நேர்மாறான வீட்டில். அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரி, பிள்ளை பிறக்கும் முன் கல்யாணம் பதியவில்லை என்றால், அப்பாவின் ஐசியை எத்தனை முறை காட்டினாலும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. கூடை மட்டுமல்ல, பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பிள்ளை அலைய வேண்டும். தோட்டத்தில் இந்தோனேசியப் பெண்ணோடு குடும்பம் நடத்தும் நம் பையன் யாராவது இருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்: பிள்ளை பிறக்கும் முன் கல்யாணத்தைப் பதியட்டும், பிறந்தபின் 60 நாளுக்குள் பிறப்பைப் பதியட்டும். அப்புறம் பார்க்கலாம் என்று விட்ட குடும்பங்களில் நான் பார்த்த கண்ணீர் போதும்.

கூடை வந்ததும் இன்னொரு கண்ணி இருக்கிறது. கடைப் பாக்கிக்குப் பால்மாவைக் கொடுத்துவிட்டு டீக்கு ஊற்றும் டின் பாலை வாங்கி வருகிறார்கள். அதில் பெரும்பாலும் சீனியும் செம்பனை எண்ணெயும்தான். அதைக் கரைத்துப் புட்டியில் கொடுத்தால் பிள்ளைக்குப் பசி அடங்கும், எலும்பு வளராது.

இவ்வளவுக்கும் கிளினிக் ஓரிடம், சமூகநலம் ஓரிடம், பதிவு இலாகா ஓரிடம். மூன்று இடத்திலும் அதே நகல்களைக் கேட்கிறார்கள். கடிதம் மலாயில் வருகிறது, பாட்டிக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் காலத்தில் ஆயாக்கொட்டகைக்கு, தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு, போனால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே காலையில் எடை பார்த்துவிடலாம். இப்போது கொட்டகை இல்லை. மாதம் ஒருமுறை தராசைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு, தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, வர என்ன தடை? நான் கேட்டுக் கேட்டு ஓய்வும் பெற்றுவிட்டேன்.

நீங்கள் இந்த வாரமே போங்கள். எடை பார்த்த பிறகு, “கூடைக்குப் பெயர் எழுதுவீர்களா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால் காரணத்தையும் அடுத்து நிறுக்கும் தேதியையும் புத்தகத்தில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்.