இறால் சாண்ட்விச் ஏன் நசநசத்துப் போகிறது?

கேள்வி: வீட்டில் இறால் சாண்ட்விச் செய்தால் இறால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது, பிரெட்டும் கொஞ்ச நேரத்தில் ஊறிப் போகிறது. எங்கே தவறு?

பதில்: இறாலை அதிக நேரம் வேகவிடுகிறீர்கள், அதுதான் முதல் தவறு. நடுத்தர அளவு இறாலுக்குக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 2 முதல் 3 நிமிடம் தாராளம். சாம்பல் நிறம் போய் இளஞ்சிவப்பாகி, சதை உள்ளே வரை வெள்ளையாகி, லேசாக வளைந்ததும் உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அதன் சூட்டிலேயே அது இன்னும் வெந்துகொண்டிருக்கும். இறுக்கமாகச் சுருண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் ஈரம். வெந்த இறாலைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுக்காமல் மயோனைஸில் கலந்தால் தண்ணீர் விடத்தான் செய்யும். 200 கிராம் இறாலுக்கு 2 மேசைக்கரண்டி மயோனைஸ், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள் போதும். மசாலாவைக் கொட்டி இறாலின் அந்த இனிப்பான ருசியைக் கெடுக்காதீர்கள். பிரெட்டை லேசாக டோஸ்ட் செய்து, உள்பக்கம் ஓரம் வரை வெண்ணெய் தடவுங்கள். வெண்ணெயில் உள்ள கொழுப்பு ஈரத்தைப் பிரெட்டுக்குள் எளிதில் இறங்கவிடாது. வெள்ளரிக்காய் வைப்பதாக இருந்தால் உப்புத் தூவி 10 நிமிடம் வைத்துப் பிழிந்த பிறகு வையுங்கள்.

கலவையை முன்கூட்டியே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் மட்டும் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.