குளிர் ஊரில் கொதிக்கும் கொம்பியூட்டர்: கூலரை நாமே மாற்றலாமா?

கேள்வி: ஐயா, நான் தலவாக்கலையில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டில் இன்டெல் ஐ5-10400 புரொசசர் உள்ள கொம்பியூட்டர் ஒன்று இருக்கிறது. மகன் அதில் வீடியோ எடிட் செய்வான். தூசி தட்டும்போது, புரொசசரைக் குளிர்விக்கும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று உடைந்துவிட்டது. அன்றிலிருந்து ஃபேன் இரைகிறது. அரை மணித்தியாலத்தில் தானாக அணைந்துவிடுகிறது. கண்டிக்குப் போன தம்பி டவர் கூலர் ஒன்று வாங்கி வந்தார். பெட்டிக்குள் இரண்டு வகைத் தகடுகள், ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஏகப்பட்ட ஸ்குரூக்கள். நாமே பூட்டலாமா, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா? "நம்ம ஊர்க் குளிருக்கு ஃபேனே தேவையில்லை" என்கிறார் என் அண்ணன். அதுவும் சரியா?

பதில்: அண்ணனிடமிருந்தே தொடங்குவோம், டீச்சர். அவர் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. கொழும்பில் அறை 30 பாகையில் வேகும்போது உங்கள் அறை 20இல் இருக்கும். அந்தப் பத்துப் பாகை உங்களுக்கு இனாம். ஆனால் மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தலவாக்கலையில் அவ்வளவு இல்லை, ஆனாலும் ஃபேனின் ஒவ்வொரு சுற்றும் தள்ளுகிற காற்றின் எடை குறைவுதான். இனாமாக வந்த பத்தில் நான்கைந்து பாகை இப்படிக் கழிந்துபோகும். மிச்சம் லாபம். அதற்காக ஃபேனைக் கழற்ற முடியாது. உங்கள் புரொசசரின் சாதாரண வெப்ப அளவு 65 வாட். வீடியோவை ரெண்டர் செய்யும்போது, அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும்போது, அதையும் தாண்டும். அந்தச் சூட்டை ஊதித் தள்ள ஆள் இல்லாவிட்டால் வெளியே பனி கொட்டினாலும் உள்ளே கொதிக்கத்தான் செய்யும்.

இனி உங்கள் வீட்டுச் சிக்கல். புரொசசரின் மேல் மூடியும் கூலரின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழவென்று தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. இடையில் காற்று அகப்பட்டால் சூடு கடக்காது. அந்தப் பள்ளங்களை நிரப்புவதுதான் இடையில் பூசுகிற பேஸ்ட் என்ற களிம்பின் வேலை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. சூட்டைக் கடத்துவது, உலோகத்தை உலோகத்தோடு நான்கு மூலையிலும் சமமாக அழுத்திப் பிடிக்கிற பிடி. ஒரு பின் உடைந்ததும் அந்த மூலை எழும்பிவிட்டது. விரலால் கூலரை மெல்ல ஆட்டிப் பாருங்கள், ஆடும். இந்தப் புரொசசர் 100 பாகையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். பழுதாகவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் கூலரை மாற்றும்வரை மகனை அதில் வேலை செய்ய விடாதீர்கள்.

நாமே பூட்டலாமா என்றால், தாராளமாக. தையல் மெஷினில் நூல் கோக்கிற பொறுமை போதும். நட்சத்திரத் தலை ஸ்குரூட்ரைவர் ஒன்றும், அவசரமில்லாத ஒரு சனிக்கிழமைக் காலையும் இருந்தால் சரி.

முதலில் வாங்கியது பொருந்துமா என்று பாருங்கள். உங்கள் சொக்கெட், அதாவது புரொசசர் உட்காரும் இடம், எல்ஜிஏ 1200 வகை. பெட்டியில் 1200 என்றோ 115எக்ஸ் என்றோ அச்சிட்டிருந்தால் போதும். இரண்டுக்கும் ஓட்டைகளின் இடைவெளி ஒன்றே, 75 மில்லிமீற்றர். 2021இல் இன்டெலின் 12ஆம் தலைமுறைப் புரொசசர்களோடு வந்த 1700 சொக்கெட்டுக்கு அது 78. மூன்று மில்லிமீற்றர்தானே என்று நெம்பிப் பூட்டப் போய் சொக்கெட் இருக்கும் மதர்போர்ட்டைக் கீறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது உயரம். டவர் கூலர்களில் பல 150 மில்லிமீற்றருக்கு மேல். பழைய கூலரைக் கழற்றிய பிறகு புரொசசரின் மேல்மட்டத்திலிருந்து கேஸ் மூடி வரும் இடம் வரை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். இடம் போதாவிட்டால் மூடியைத் திறந்துவைத்து ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். கடையில் மாற்றிக் கொள்ளுங்கள். ரேம் குச்சிகள் உயரமானவையாக இருந்தால் ஃபேன் அவற்றில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கொம்பியூட்டரை ஓடவிட்டு அணையுங்கள். சூட்டில் பழைய பேஸ்ட் இளகும். பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். உங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு ஸ்வெட்டரோடுதான் உட்காருவீர்கள், அதைக் கழற்றிவிடுங்கள். கம்பளியும் நைலோனும் உரசினால் நிலைமின்னேற்றம் உண்டாகும். உள்ளே கை வைக்கும் முன் கேஸின் பூச்சில்லாத உலோகத்தை ஒருமுறை தொடுங்கள்.

ஃபேன் வயர் போர்டில் செருகியிருக்கும் இடத்தை ஃபோனில் படம் பிடித்துவிட்டு உருவுங்கள். பின்களின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கமாகத் திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். கூலரை நேராகப் பிய்க்காமல், இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். உங்களுடையது இன்டெல், புரொசசரை ஓர் இரும்புச் சட்டம் பிடித்திருக்கிறது. ஏஎம்டி என்ற மற்றக் கம்பனியின் ஏஎம்4 வகைப் புரொசசர் வைத்திருப்பவர்கள்தான் இங்கே கவனிக்க வேண்டும். காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு புரொசசரே சொக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்துவிடும், அடியில் உள்ள கால்கள் வளைந்துபோகும்.

துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் அல்ககோல் வேண்டும். பார்மசியில் "ஸ்பிரிட்" என்று மட்டும் கேட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கொடுத்துவிடலாம். அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். துடைத்த இடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கும். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமான கை கழுவும் திரவமும் ஆகாது, அதில் கிளிசரின் இருக்கிறது. நூல் உதிராத துணியில் கொஞ்சமாக நனைத்து, நடுவிலிருந்து அல்ல, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தெடுங்கள். அப்போதுதான் பழைய பேஸ்ட் சொக்கெட்டுக்குள் வழியாது. புரொசசர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அதன் சட்டத்தைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்தது அந்தத் தட்டு. அது மதர்போர்ட்டின் முதுகுப் பக்கம் போவது. மதர்போர்ட்டையே கழற்ற வேண்டுமோ என்று கலங்காதீர்கள். கேஸின் மற்றப் பக்க மூடியைத் திறந்தால் பெரும்பாலான கேஸ்களில் சொக்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும். அதன் வழியாகவே தட்டை வைக்கலாம். சொக்கெட்டின் சொந்தத் தகடும் அதன் ஸ்குரூக்களும் தட்டின் நடு வெட்டுக்குள் அமர வேண்டும், மேலே ஏறி நிற்கக் கூடாது. இதற்கு ஓர் உதவியாள் நல்லது. மகன் பின்னாலிருந்து தட்டைப் பிடிக்கட்டும், நீங்கள் முன்னாலிருந்து தூண் ஸ்குரூக்களைப் போடுங்கள். இரண்டு வகைத் தகடுகளில் ஒன்று ஏஎம்டிக்கு. அதை ஒதுக்கி வையுங்கள், மற்றதுதான் உங்கள் இன்டெலுக்கு. வேலை முடிந்த பிறகும் கைநிறைய ஸ்குரூக்கள் மிஞ்சும். அவை வேறு சொக்கெட்டுகளுக்கானவை, எதையோ பூட்ட மறந்துவிட்டோம் என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது கூலரின் அடியைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். சிரிக்காதீர்கள். "புதுக் கூலர் போட்டும் சூடு குறையவில்லை" என்று என் மேசைக்கு வருகிற மெஷின்களில் நான் முதலில் தேடுவது இந்தத் தாளைத்தான். என் முதல் கூலரை நானே தாளோடு பூட்டிவிட்டு, புரொசசரைக் குறை சொல்லிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தவன்.

அடியில் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் பூசியே வந்திருந்தால் மேலும் பூச வேண்டாம். இல்லையென்றால் புரொசசரின் நடுவில் ஒரு மிளகு அளவு வையுங்கள்.  கோடு போடலாமா, குறுக்குப் போடலாமா, கத்தியால் பூசலாமா என்று மணிக்கணக்கில் சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் ஓரிரு பாகைதான். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

கவனம் முழுவதையும் இந்த இடத்தில் வையுங்கள், டீச்சர். கூலரை நேராக இறக்கி, நான்கு ஸ்குரூக்களையும் விரலால் இரண்டு சுற்று மட்டும் பிடிக்க வையுங்கள். பிறகு வேன் சில்லு மாற்றும்போது நட்டு இறுக்குவது போலக் குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள். ஒரு மூலையில் இரண்டு சுற்று, அதற்கு எதிர் மூலையில் இரண்டு, பிறகு மற்ற இரண்டு. ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் சாய்ந்து, பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஸ்பிரிங் உள்ள ஸ்குரூக்கள் ஓர் இடத்தில் தாமாகவே நிற்கும், அதோடு விட்டுவிடுங்கள். இடையில் சந்தேகம் வந்து கூலரைத் தூக்கிப் பார்த்துவிட்டால், பேஸ்ட்டை முழுதாகத் துடைத்துப் புதிதாக வைத்துத்தான் மறுபடி பூட்ட வேண்டும். உள்ளே அகப்பட்ட காற்றுக் குமிழ் பிறகு வெளியே வராது.

ஃபேனின் இரண்டு முகங்களில் குறுக்குச் சட்டமும் லேபிளும் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். அந்தப் பக்கம் கூலரின் மெல்லிய தகட்டு அடுக்கைப் பார்த்து இருக்கட்டும். காற்று அடுக்கைக் கடந்து கேஸின் பின்புறம் போக வேண்டும். வயரைப் பழைய இடத்திலேயே, சிபியு ஃபேன் என்று எழுதிய நான்கு கால் செருகியில் போடுங்கள். வேறு செருகியில் போட்டால் ஃபேன் சுற்றினாலும், ஃபேன் இல்லை என்று போர்ட் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

மூடியைப் பூட்டும் முன் ஓட்டிப் பாருங்கள். டிலீட் விசையையோ எஃப்2வையோ அழுத்திப் பயோஸ் என்ற ஆரம்ப அமைப்புத் திரைக்குள் போனால் புரொசசரின் வெப்பம் தெரியும். உங்கள் ஊரில் 30க்கும் 45க்கும் இடையில் நின்றால் நல்லது. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். ஓரிரு நிமிடத்தில் 80, 90 என்று ஏறினால் உடனே அணைத்துவிட்டு, அந்தத் தாளையும் ஸ்குரூக்களையும் மறுபடி பாருங்கள். எல்லாம் சரியென்றால் மகனை ஒரு வீடியோவை ரெண்டர் செய்யச் சொல்லுங்கள். 75ஐ ஒட்டி நின்றால் ஒரு கவலையும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மலையகத்துக் கொம்பியூட்டர்களைக் கெடுப்பது பெரும்பாலும் வெயில் அல்ல, அடுப்புப் புகை. விறகடுப்புக் கரியில் எண்ணெய்ப் பசை உண்டு. அது தகடுகளில் படிந்து, மேலே தூசியைப் பிடித்துக் கம்பளி போலப் போர்த்திவிடும். லயத்து வீடுகளில் குசினிக்கும் கொம்பியூட்டருக்கும் இடையில் ஒரு சீலைத் தடுப்புத்தான் இருக்கும். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் வீட்டுக்கு ஆறு மாதம் போதும். தூசியை ஊதித் தள்ளும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா சுற்ற விடாதீர்கள். மூடுபனி உள்ளே தண்ணீராகுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. காற்றுக் கூலர் எதையும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது; ஆகவே அதில் பனித்துளி கோக்காது. குளிரில் கிடந்த மெஷினைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் மட்டும் ஓரிரு மணித்தியாலம் கழித்து ஓட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கடைக்கே கொடுக்கலாம் என்று தோன்றினால் அதிலும் தப்பில்லை. ஆனால் டவர் கூலர் பூட்டிய மெஷினை ஹட்டனுக்கோ கண்டிக்கோ எடுத்துப்போகும் நாளில் கேஸை நிமிர்த்தி வைக்காதீர்கள். மதர்போர்ட் கீழே, கூலர் அதன் மேல் நிமிர்ந்து நிற்கும்படி கேஸைப் படுக்க வைத்து, மடியிலோ தலையணை மேலோ கொண்டுபோங்கள். நிமிர்த்தி வைத்தால், நம் ரோட்டு வளைவுகளில் பஸ் ஒடிக்கிற ஒடிப்பில் கூலரின் கனம் முழுவதும் போர்டைத்தான் இழுக்கும்.