பதில்: ஏற்காடு பஸ் மாடல் வளைவில் திணறுகிறது

வணக்கங்க. மகள் லெகோ டெக்னிக்கில் (கியர், மோட்டார் வைத்துக் கட்டும் லெகோ வகை) செய்த ஏற்காடு பஸ் நேராக ஓடுகிறது, அட்டைச் சாலையின் கொண்டை ஊசி வளைவில் மட்டும் முக்கி நிற்கிறது, முன்சக்கரமும் திரும்ப அடம்பிடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மோட்டாரைத் திட்டாதீர்கள், பாவம். படத்தில் பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் (அச்சுத் தண்டில்) கோத்திருக்கிறதே, கோளாறு அங்கேதான்.

வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். ஒரே ஆக்சில் என்றால் இரண்டுக்கும் ஒரே வேகம். ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டே வரும். ஆக்சிலை இரண்டாக்கி நடுவில் டிஃபரன்ஷியல் போடுங்கள், இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் கூடு அது. சேலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் ஆக்சில் நடுவே பானை மாதிரிப் புடைத்திருக்குமே, அதேதான். கூட்டுக்குள் மூன்று 12 பல் பெவல் கியர் (சாய்ந்த பல் உள்ளவை): இரண்டு ஆக்சில் முனைகளில், ஒன்று குறுக்கே. மாட்டியதும் கூட்டை விரலால் அழுத்திப் பிடித்து ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சரி.

அப்புறம் ஸ்டீயரிங். திரும்பும் மூட்டில் கருப்பு பின் (துண்டுகளை இணைக்கும் முளை) போட்டிருக்கிறாள். அதன் உடம்பில் மெல்லிய வரிகள் துருத்தியிருக்கும், இறுகப் பிடிப்பதற்காக. அதை எடுத்துவிட்டு வழவழப்பான சாம்பல் நிற பின்னைப் போடுங்கள். கருப்பு பின் பஸ்ஸின் சட்டகத்துக்கு ஆகும்.

ஏற்றத்துக்கு மோட்டாரில் 8 பல் கியர், அதோடு சேரும் அடுத்த கியர் 24 பல். வேகம் மூன்றில் ஒரு பங்காகும், இழுவை கூடும்.

ஒன்று மட்டும் கவனம்: டிஃபரன்ஷியல் போட்டபின் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினால் அது மட்டும் சுற்றும், பஸ் நகராது. அதனால் சக்கரம் தூக்காதபடி அட்டை மடிப்புகளை டேப் ஒட்டிச் சமமாக்கிவிடுங்கள்.