மழை பெஞ்சா காத்து சுத்தமாயிடும்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் மறுநாள் விடியக்காலைல புகை தரையோட நிக்குது?

நீங்க சூளை இருக்கற ஊர்ப்பக்கம் குடியிருக்கீங்கன்னு நெனைக்கறேன், இல்லன்னா இந்த கேள்வி வந்திருக்காது. எனக்கு வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கத்துல செங்கல் சூளை இருக்கு. உடனே "சூளைக்காரன் சூளைக்கு சப்போர்ட் பண்றான்"னு கமெண்ட் போடாதீங்க, பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டு தான் அப்பாகிட்டருந்து இதை எடுத்தேன், முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

போன வைகாசில சூளை எரிஞ்சினு இருந்துது. சாயந்திரம் மலைப்பக்கம் கறுத்துது, மழைக்கு முன்னாடியே ஜில்லுனு ஒரு காத்து புழுதிய வாரினு வந்துது. அந்த காத்து எங்கருந்து வருதுன்னா, மேகத்துலருந்து விழற துளி கீழ வர்ற வழியிலயே கொஞ்சம் ஆவியாகும், ஒரு கிராம் தண்ணி ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேணும், அத்த சுத்தி இருக்கற காத்துலருந்து தான் உறிஞ்சும், காத்து குளுந்து கனமாகி தொப்புனு கீழ எறங்கி தரையில நாலாபக்கமும் பரவும். அந்த நேரத்துல மேல கீழ நல்லா கலக்குது, அது வாஸ்தவம். பெரிய தூசியையும் மழை அடிச்சினு போயிடும். ஆனா புகைல இருக்கற ரொம்ப பொடித்துகள், ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ இருக்கறது, மழைத்துளில சரியா சிக்காது, துளியை சுத்தினு நழுவிடும்.

மழை விட்டுது, காத்தும் நின்னுது, வானம் வெளுத்து நட்சத்திரம் தெரிஞ்சுது. அங்க தான் வில்லங்கம். கீழ குளுந்த காத்து, மேல வெதுவெதுப்பு. ராத்திரி தரை இன்னும் சூட்டை மேல விட்டு குளுந்துடும், சுத்தி இருக்கற மலைச்சரிவுலருந்தும் குளுந்த காத்து பள்ளத்துக்கு எறங்கும். கீழ இருக்கற குளுந்த காத்து கனம், அது மேல ஏறாது, ஆகமொத்தம் மூடி போட்ட மாதிரி ஆயிடுது. வெயில் நாள்ல மதியம் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் உசரத்துக்கு கலக்கற புகை, அன்னைக்கு விடியக்காலைல எங்க தென்னமரத்து உசரத்தை தாண்டல, அங்க வரைக்கும் ஏறி அப்படியே படுத்து கோடு போட்ட மாதிரி தெருப்பக்கம் ஓடினு இருந்துது.

ஆறு மணிக்கு தெரு பெரியவர் வந்துட்டார், "இன்னாப்பா, டயர் போட்டு கொளுத்தறியா?"ன்னு. "வாங்க மாமா, அடுப்பு வாய வந்து பாருங்க"ன்னு கூட்டினு போய் காமிச்சேன். உள்ள காஞ்ச சீமைக் கருவேல விறகு தான், ஷெட்டுல வெச்சிருந்தது. ஈர விறகுன்னா புகை ஜாஸ்தி வரும், மறுக்கல, அது வேற கதை. முந்தாநாள் இதே விறகு தான், இதே நெருப்பு தான், தெருவுல ஒருத்தரும் மூக்கை பிடிக்கல. அவர் நம்பாமலே போனார், அது இன்னும் உறுத்துது.

மறுநாள் வெயில் வந்தாலும் உடனே சரியாகாது, தரை ஈரமா இருக்கறதால வெயிலோட பாதி பலம் தண்ணிய ஆவியாக்கவே போயிடும், தரை லேட்டா தான் சூடேறும், கலக்கறதும் லேட்டு. மூடி ஒடையற நேரத்துல மேல நின்ன புகை கீழ எறங்கி கொஞ்ச நேரம் நாத்தம் கூடும், அப்புறம் தான் விடும். ஐப்பசி கார்த்திகைல புயல் மழை வந்தா இப்படி ஆகாது, ராத்திரி பூரா காத்து அடிச்சினே இருக்கும், மேகமும் இருக்கும்.

இன்னொண்ணு சொல்லணும். நெல்லு நனைஞ்சா டிவில வருது, வரட்டும், வரவேண்டியது தான். களத்துல காயவெச்ச பச்சைக்கல்லு, அதான் இன்னும் சுடாத செங்கல், அதே மழைல கரைஞ்சு சேறாப்போச்சே, அதுக்கு நஷ்ட ஈடு கேட்டு போனா ஆபீஸ்ல உக்காரக்கூட சொல்லல. கல்லு அறுத்த ஆளுங்களுக்கு நான் கூலி குடுத்தாகணும்ல?

உங்களுக்கு: மழை விட்ட மறுநாள் வீசிங் இருக்கறவங்க, கொழந்தைங்க, நல்லா வெயில் ஏறற வரைக்கும் வெளிய நடக்க வேணாம். புகை வெள்ளையா இருந்தா பெரும்பாலும் ஈரமும் விறகும் தான், ஆனா அதுவும் நெஞ்சுக்கு ஆகாது. கறுப்பா, ரப்பர் நாத்தத்தோட வந்தா அது வானிலை இல்ல, யாரோ டயர் போடறாங்க, நேரா போய் சண்டை போடுங்க, எங்க பக்கம்னா நானும் கூட வரேன்.